கரியமில வாயு மனிதன் விட்டதுதானா? விவாதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

புவி வெப்பமாதல் என்று பேச்சை எடுத்தாலே வந்து விழும் கேள்விகள் இவை. டீக்கடையில் வரும், கல்லூரிப் பட்டிமன்றத்தில் வரும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விடிகாலையில் "படித்ததும் பகிரவும்" என்ற வாலோடு வரும். சிலவற்றுக்கு விடை கிடைத்துப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. சிலவற்றில் விஞ்ஞானிகளே இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதிச் சண்டை.

இயற்கை விடும் கரியமில வாயு மலையளவு. மனிதன் விடுவது அதில் கொசுறுதானே?

எண்களைப் பொறுத்தவரை கேள்வி சரி. செடிகொடிகள், மண், நுண்ணுயிர்கள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 40,000 கோடி டன்னுக்கு மேல் கரியமில வாயுவைக் காற்றில் விடுகின்றன. கடல் விடுவது 30,000 கோடி டன்னுக்குச் சற்றுக் குறைவு. நாம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்தும் சிமென்ட் தயாரித்தும் விடுவது சுமார் 3,700 கோடி டன். காடழிப்பையும் சேர்த்தால் 4,100 கோடியை ஒட்டி வரும்.

ஆனால் இதில் ஒரு பக்கத்தைத்தான் காட்டுகிறார்கள். அதே செடிகளும் கடலும் விட்டதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கின்றன, அதற்கு மேலும் கொஞ்சம் எடுத்துக்கொள்கின்றன. மளிகைக்கடையில் நாள் முழுக்க லட்ச ரூபாய் வந்து லட்ச ரூபாய் போகலாம். ராத்திரி கடை சாத்தும்போது கல்லாவில் எவ்வளவு கூடியிருக்கிறது, அதைப் போட்டது யார் என்பதுதான் கேள்வி.

கூடுவதை அளக்க முடியும். பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளில் எத்தனை கரியமில வாயு என்பதை பிபிஎம் என்கிறோம். உலகக் காற்று முழுவதிலும் அது ஒரு பிபிஎம் ஏற 780 கோடி டன் வேண்டும். நாம் விடும் 4,100 கோடியும் அப்படியே காற்றில் தங்கினால் ஆண்டுக்கு ஐந்து பிபிஎம்முக்கு மேல் ஏற வேண்டும். கடந்த பத்தாண்டுகளின் சராசரி ஏற்றமோ இரண்டரை பிபிஎம் அளவுதான். மீதிப் பாதியைக் காடும் கடலும் எடுத்துக்கொண்டுவிட்டன. ஆக, வரவையும் செலவையும் கழித்துப் பார்த்தால் இயற்கை வாங்கும் பக்கத்தில் நிற்கிறது. வாங்குகிறவர் மேலேயே "நீதான் கொடுத்தாய்" என்று பழி போட முடியாது. இந்த ஒரு கழித்தல் கணக்கிலேயே கேள்வி தீர்ந்துவிடுகிறது. இதற்குக் காலநிலையைக் கணிக்கும் கணினி மாதிரி (மாடல்) எதுவும் வேண்டாம், பத்தாம் வகுப்புக் கணிதம் போதும்.

எரிமலைகள்?

கடலடியில் இருப்பவற்றையும் சேர்த்து உலகின் எல்லா எரிமலைகளும் ஆண்டுக்கு விடுவது, மனிதன் விடுவதில் ஒரு சதவீதத்தை ஒட்டி வரும், அவ்வளவுதான். 1991-ல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ வெடித்ததே, அதற்கு அடுத்த ஓரிரு ஆண்டுகளில் காற்றில் கரியமில வாயு ஏறும் வேகம் கூடவில்லை, குறைந்தது. அது கக்கிய கந்தகத் துகள்கள் வெயிலை மறைத்து உலகத்தை அரை டிகிரி அளவு தற்காலிகமாகக் குளிர்வித்தன.

கூடிய வாயு நிலக்கரியிலிருந்தும் பெட்ரோலிலிருந்தும் வந்தது என்று எப்படித் தெரியும்? முத்திரை குத்தியா வருகிறது?

ஏறக்குறைய அப்படித்தான் வருகிறது.

கார்பன்-14 என்ற கதிரியக்க வகையின் அரை ஆயுள், அதாவது சிதைந்து பாதியாக ஆகும் காலம், 5,730 ஆண்டுகள். நிலக்கரி மண்ணுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்தது. அதனால் அதில் கார்பன்-14 அறவே இல்லை. அதை எரித்துக் காற்றில் கலக்கக் கலக்க, காற்றிலுள்ள கார்பன்-14-இன் விகிதம் நீர்த்துப்போக வேண்டும். 1955-ல் ஹான்ஸ் சூயஸ் என்ற வேதியியலாளர் மர வளையங்களில் இதைக் கண்டு சொன்னார். (அதன்பின் அணுகுண்டுச் சோதனைகள் வந்து அந்தக் கணக்கைச் சில பத்தாண்டுகள் கலக்கிவிட்டன.) அடுத்தது கார்பன்-13. செடிகள் இதைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, எடை குறைந்த கார்பன்-12-ஐயே அதிகம் எடுக்கும். நிலக்கரியும் எண்ணெயும் பழங்கால உயிர்களின் மிச்சம் என்பதால் அவற்றிலும் கார்பன்-13 குறைவு. காற்றில் அதன் விகிதம் தொடர்ந்து இறங்கிவருகிறது. எரிமலையிலிருந்தோ கடலிலிருந்தோ வந்திருந்தால் இப்படி இறங்காது.

மூன்றாவது ஆக்சிஜன். எதை எரித்தாலும் ஆக்சிஜன் செலவாகும். காற்றிலுள்ள ஆக்சிஜன் மிக நுட்பமான அளவில் குறைந்துவருவதை அமெரிக்க விஞ்ஞானி ரால்ஃப் கீலிங் 1990-களிலிருந்து அளந்துவருகிறார். இதைச் சொன்னதும் மூச்சு முட்டுமா என்று கேட்பார்கள். முட்டாது. 21 சதவீதத்தில் குறைவது தூசு அளவுகூட இல்லை. அது தடயம் மட்டுமே.

அளக்கும் நிலையமே எரிமலை மேல் இருக்கிறதாமே. அந்த எண்ணை எப்படி நம்புவது?

ஹவாய்த் தீவின் மவுனா லோவா எரிமலைச் சரிவில், சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரால்ஃப் கீலிங்கின் தந்தை சார்லஸ் டேவிட் கீலிங் 1958 மார்ச்சில் அங்கே அளக்கத் தொடங்கினார். முதலில் கிடைத்த எண் 313 பிபிஎம்.

அளக்கும் முறை எளிது. உயரமான கம்பத்தின் உச்சியிலிருந்து குழாய் வழியே காற்றை இழுப்பார்கள். குளிர்வித்து அதிலிருக்கும் ஈரத்தை உறையவைத்து நீக்குவார்கள். பிறகு காற்றை ஒரு சிறு கலத்துக்குள் செலுத்தி, அதன் வழியே அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சுவார்கள். எவ்வளவு கதிர் காணாமல்போகிறதோ அவ்வளவு கரியமில வாயு. இடையிடையே, அளவு ஏற்கனவே தெரிந்த வாயு அடைத்த சிலிண்டரைத் திறந்து கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பார்கள். இரவில் சரிவில் இறங்கும் காற்று சில நாள் எரிமலை வாயுவைக் கொண்டுவரும். வந்தால் ஊசி கன்னாபின்னாவென்று துள்ளும், ஒரு நிலையில் நிற்காது. அப்படித் துள்ளிய மணிநேரங்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 2022 நவம்பர் கடைசியில் மவுனா லோவா நிஜமாகவே வெடித்து, குழம்பு வழிந்து பாதையையும் மின்சாரத்தையும் துண்டித்தது. பக்கத்து மவுனா கியா மலையில் கருவியை வைத்து அளவீட்டைத் தொடர்ந்தார்கள்.

இதெல்லாம் போகட்டும், தென்துருவத்தில் எந்த எரிமலைச் சரிவு? அங்கேயும் அதே ஏற்றம்தான். மவுனா லோவாவின் 2024 சராசரி 424 பிபிஎம். தொழிற்புரட்சிக்கு முன் இருந்தது 280 அளவு.

காற்றில் 0.04 சதவீதம்கூட முழுசாக இல்லாத ஒரு வாயு உலகத்தையே சூடாக்குமா?

இப்போது 0.042 சதவீதம். மிச்சத்தில் பெரும்பகுதி நைட்ரஜனும் ஆக்சிஜனும். தரையிலிருந்து கிளம்பும் வெப்பக்கதிரை அவை கண்டுகொள்வதே இல்லை. உறிஞ்சுவது நீராவி, கரியமில வாயு, மீத்தேன் மாதிரி கொஞ்சநஞ்ச வாயுக்கள்தான். இவை இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 18 டிகிரியை ஒட்டி இருக்கும். இருப்பதோ உறைநிலைக்கு மேலே 15 டிகிரி அளவு.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. 1856-ல் அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் கண்ணாடிக் குழாய்களில் வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்தார். கரியமில வாயு நிரப்பிய குழாய்தான் மற்றவற்றைவிட அதிகம் சூடானது. 1859-ல் லண்டனில் ஜான் டிண்டல் எந்த வாயு வெப்பக்கதிரை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று கருவி கட்டி அளந்தார். 1896-ல் ஸ்வீடனின் ஸ்வாந்தே அர்ரேனியஸ், வாயு இரட்டிப்பானால் 5 முதல் 6 டிகிரி ஏறும் என்று கையால் கணக்குப் போட்டார். குளிர்நாட்டுக்காரர் இல்லையா, ஏறினால் நல்லது என்றே நினைத்தார்.

உறிஞ்ச வேண்டிய கதிரை எல்லாம் ஏற்கனவே உறிஞ்சியாகிவிட்டது, இனி வாயு கூடினால் என்ன என்கிறார்களே?

மறுப்பு வாதங்களில் எனக்குப் பிடித்தது இதுதான். சும்மா எழுந்த வாதம் அல்ல. 1900-ல் நுட் ஆங்ஸ்ட்ரம் என்ற இயற்பியலாளர் ஆய்வகத்தில் குழாய் வைத்து அளந்து அர்ரேனியஸை மறுத்தார். பல பத்தாண்டுகள் அந்த மறுப்பே நின்றது.

கரியமில வாயு உறிஞ்சும் 15 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டிய கதிர் தரைக்கு மேலே கொஞ்ச தூரத்திலேயே முழுக்க உறிஞ்சப்படுகிறது என்பது உண்மை. ஆனால் உறிஞ்சிய வெப்பம் அங்கேயே அடங்கிவிடாது. அந்த அடுக்கு அதை மேலும் கீழும் திரும்ப உமிழும், மேலடுக்கு உறிஞ்சும், உமிழும், இப்படியே ஏறும். எவ்வளவோ உயரம் போன பிறகுதான், மேலே தடுக்க ஆளில்லாமல், கதிர் விண்வெளிக்குத் தப்பிக்கும். வாயு கூடக் கூட அந்தத் தப்பிக்கும் உயரம் மேலே நகர்கிறது. மேலே குளிர் அதிகம். குளிர்ந்த அடுக்கு குறைவாகவே உமிழும். வெயிலாக வருவது குறையவில்லை, வெளியே போவது மட்டும் குறைகிறது. தரை சூடேறி அந்தக் குறையை ஈடுகட்டும் வரை இது நிற்காது. ஆங்ஸ்ட்ரமின் குழாயில் உயரம் என்ற ஒன்றே இல்லை, அதுதான் அவர் கணக்கில் விட்டுப்போனது.

இந்த வாதத்தில் ஒரு பாதி உண்மையும் உண்டு. விளைவு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. வாயு ஒவ்வொரு முறை இரட்டிப்பாகும்போதும் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 4 வாட் வெப்பம் பூமியில் கூடுதலாகத் தங்கும். 280-லிருந்து 560-க்குப் போனாலும் அதே 4, 560-லிருந்து 1,120-க்குப் போனாலும் அதே 4.

நீராவிதானே பெரிய பசுமைக்குடில் வாயு?

ஆமாம். ஆனால் அதிகமாகச் சேர்ந்த நீராவி சில நாட்களில் மழையாக இறங்கிவிடும். காற்றில் எவ்வளவு நீராவி தங்கும் என்பதைக் காற்றின் வெப்பநிலைதான் முடிவு செய்கிறது, ஒரு டிகிரி ஏறினால் சுமார் 7 சதவீதம் கூடும். கரியமில வாயு தொடங்கிவைப்பதை நீராவி பெருக்கிவிடுகிறது.

சூரியன் கொதித்தால் பூமி சுடும். இதில் மனிதன் எங்கே வந்தான்?

சூரியனின் ஒளியைச் செயற்கைக்கோள்கள் 1978 முதல் அளந்துவருகின்றன. 11 ஆண்டுச் சுழற்சியில் ஏறி இறங்குகிறது. ஏறிக்கொண்டே போகவில்லை.

இன்னும் உறுதியான ஆதாரம் வானத்தின் மேலடுக்கில் இருக்கிறது. சூரியன் காரணம் என்றால் தரைக்காற்றும் மேலே அடுக்குமண்டலமும் இரண்டுமே சூடாக வேண்டும். கரியமில வாயு காரணம் என்றால் கீழே சூடேறும், மேலே குளிரும். 1967-லேயே சுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் கணக்குப் போட்டு இதைச் சொல்லிவிட்டார்கள். அடுக்குமண்டலம் குளிர்ந்திருப்பதைச் செயற்கைக்கோள்கள் பின்னால் காட்டின. ஓசோன் குறைந்ததும் அதில் ஒரு காரணம், ஆனால் மிக உயரத்தில் நடக்கும் குளிர்ச்சிக்கு ஓசோன் மட்டும் போதாது. மனாபேக்கு 2021-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

அண்டார்டிகா பனியில் வெப்பம் முதலில் ஏறியிருக்கிறது, வாயு பின்னால்தான் ஏறியிருக்கிறது. காரணமும் விளைவும் தலைகீழ் அல்லவா?

பனியுகங்கள் தொடங்குவதும் முடிவதும் பூமியின் சுற்றுப்பாதை, சாய்வு ஆகியவற்றில் நிகழும் மெதுவான மாற்றத்தால். அதில் அண்டார்டிகா கொஞ்சம் சூடானதும் கடல் கரியமில வாயுவை வெளியே விட்டது, அந்த வாயு வெப்பத்தை இன்னும் ஏற்றியது. அப்போது தொடக்கிவிட்டது சுற்றுப்பாதை. இப்போது தொடக்கிவிட்டிருப்பது நாம். அண்டார்டிகாவில் தோண்டி எடுத்த பனி எட்டு லட்சம் ஆண்டுக் காற்றைக் குமிழிகளாக வைத்திருக்கிறது. அந்த எட்டு லட்சம் ஆண்டிலும் கரியமில வாயு 180-க்கும் 300-க்கும் இடையிலேயே ஏறி இறங்கியிருக்கிறது. 424 என்பது அதில் எங்குமே இல்லை.

டைனோசர் காலத்தில் இதைவிடச் சூடு. இடைக்காலத்தில் ஐரோப்பாவிலும் சூடு. அப்போது யார் கார் ஓட்டினார்கள்?

காட்டுத்தீ இயற்கையாகவும் பற்றும் என்பதால், தீக்குச்சியோடு பிடிபட்டவன் நிரபராதி ஆகிவிட மாட்டான். டைனோசர் காலத்தில் கரியமில வாயுவும் அதிகம். இடைக்கால வெப்பம் வட்டாரத்துக்கு வட்டாரம் வெவ்வேறு நூற்றாண்டில் வந்துபோனது. இப்போதுபோல் உலகம் முழுக்க ஒரே சமயத்தில் ஏறவில்லை.

1970-களில் பனியுகம் வரப்போகிறது என்று பயமுறுத்திய அதே விஞ்ஞானிகள்தானே?

பத்திரிகைகள் அப்படி எழுதின. 1965 முதல் 1979 வரை வெளியான ஆய்வுக்கட்டுரைகளை 2008-ல் மூன்று பேர் எண்ணிப் பார்த்தார்கள். குளிரும் என்றவை 7, வெப்பமாகும் என்றவை 44, எந்தப் பக்கமும் சாயாதவை 20.

நகரங்களில் கான்கிரீட் சூட்டை அளந்துவிட்டு உலகம் சூடாகிறது என்கிறார்கள். பழைய எண்களையும் திருத்துகிறார்களாம்.

இதே சந்தேகத்தோடு களமிறங்கியவர் கலிஃபோர்னியாவின் பெர்க்லி இயற்பியல் பேராசிரியர் ரிச்சர்ட் முல்லர். தனிக் குழு அமைத்து, உலகின் வெப்பநிலைப் பதிவுகளை முதலிலிருந்து எடுத்துக் கணக்குப் போட்டார். எண்ணெய், நிலக்கரித் தொழிலில் பணம் சேர்த்த கோக் குடும்பத்தின் அறக்கட்டளையும் அதற்கு நிதி கொடுத்தது. ஏற்கனவே இருந்த வரைகோடேதான் அவருக்கும் கிடைத்தது. 2012-ல், வெப்பம் ஏறியது உண்மை, காரணம் ஏறக்குறைய முழுக்க மனிதனே என்று வெளிப்படையாக எழுதினார். எதிர்பார்த்த விடை வராதபோதும் அதை வெளியிட்ட அந்த நேர்மைக்காகவே அவரை நான் அடிக்கடி உதாரணம் காட்டுவதுண்டு.

திருத்தங்கள் நடப்பது உண்மை. பழைய கப்பல்களில் வாளியில் கடல்நீர் மொண்டு வெப்பமானியை வைத்தார்கள். மேலே வருவதற்குள் தண்ணீர் கொஞ்சம் ஆறிவிடும். அதைச் சரிசெய்தால் பழைய கடல் வெப்பநிலை உயர்கிறது. அதனால் திருத்தங்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால், உலகம் சூடேறிய மொத்த அளவு திருத்தாத எண்கள் காட்டுவதைவிடக் குறைவாகவே வரும். இதை மறுப்பவர்கள் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

கணினி மாதிரிகள் எப்போதாவது சரியாகச் சொன்னதுண்டா?

1970 முதல் 2007 வரை வெளியான 17 கணிப்புகளைக் காலநிலை விஞ்ஞானி ஸீக் ஹவுஸ்ஃபாதரின் குழு பின்னால் நடந்ததோடு ஒப்பிட்டது. 10 கணிப்புகள் அப்படியே ஒத்துப்போயின. எவ்வளவு வாயு வெளியேறும் என்ற அனுமானத்தில் வந்த பிழையை நீக்கிப் பார்த்தால் 14. அதே நேரம், அண்மைய தலைமுறை மாதிரிகளில் சில அளவுக்கு மீறிச் சூடு காட்டுகின்றன. அதைக் கண்டு சொன்னவர்களும் காலநிலை விஞ்ஞானிகளே.

அப்படியானால் விஞ்ஞானிகளுக்குள் எதில்தான் சண்டை?

கரியமில வாயு இரட்டிப்பானால் கடைசியில் எத்தனை டிகிரி ஏறும் என்பதில். வாயுவின் நேரடி விளைவு மட்டும் என்றால் ஒரு டிகிரிக்குச் சற்று மேல், அதில் பெரிய சண்டை இல்லை. அதன்பின் நீராவி கூடும், பனி உருகித் தரை கறுக்கும், மேகங்கள் மாறும். இந்தப் பின்விளைவுகள் எவ்வளவு பெருக்கும் என்பதுதான் விவகாரம். 1979-ல் ஜூல் சார்னி தலைமையிலான அமெரிக்கக் குழு 1.5 முதல் 4.5 டிகிரி என்றது. நாற்பது ஆண்டுகள் அந்த எல்லை பெரிதாக அசையவில்லை. 2021-ல் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி அதை 2.5 முதல் 4 என்று சுருக்கி, பெரும்பாலும் 3 என்றது.

மேகம்தான் தலைவலி. தாழ்ந்த வெண்மேகம் வெயிலைத் திருப்பி அனுப்பும், உயர்ந்த மெல்லிய மேகம் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். எது கூடும், எது குறையும்? அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லிண்ட்ஸன் 2001-ல், வெப்பமண்டலக் கடல் சூடானால் உயர்மேகங்கள் விலகி வெப்பத்தை வெளியே விட்டுவிடும் என்ற கருதுகோளை வைத்தார். முறையான அறிவியல் வாதம் அது. பல குழுக்கள் அளந்து பார்த்தன. அவர் சொன்ன அளவுக்கான சான்று கிடைக்கவில்லை. எதிர்த்தரப்பு வாதம் என்றால் இப்படி இருக்க வேண்டும், அளந்து பார்க்க இடம் கொடுக்க வேண்டும்.

கடல்மட்டம் எவ்வளவு வேகமாக ஏறும், மேற்கு அண்டார்டிகா எப்போது சரியும், பருவமழை எப்படி மாறும் என்பவையும் இன்னும் முடியாத விவாதங்களே. இவற்றில் ஒன்றுகூட "மனிதன்தான் காரணமா" என்ற பழைய கேள்வியைத் திரும்பத் திறக்காது.

2009-ல் இமெயில்கள் வெளியாகி எல்லாம் பித்தலாட்டம் என்று தெரிந்ததே?

இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகத்திலிருந்து திருடப்பட்ட, காலநிலை விஞ்ஞானிகளின் கடிதங்கள் அவை. நாடாளுமன்றக் குழு உட்படப் பல விசாரணைகள் நடந்தன. தரவுகளைக் கேட்டவர்களுக்குக் கொடுக்க இழுத்தடித்தார்கள் என்று கண்டித்தார்கள், எண்களை இட்டுக்கட்டியதாக யாரும் கண்டுபிடிக்கவில்லை. இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். எக்ஸான் என்ற எண்ணெய் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானிகளே 1977 முதல் போட்ட கணிப்புகளை 2023-ல் ஆராய்ந்தார்கள். பெரும்பாலானவை துல்லியமாகப் பலித்திருந்தன. அதே நிறுவனம் வெளியே சந்தேகத்தை விதைத்துக்கொண்டிருந்தது.

செடிக்கு அது உணவு. கூடினால் விளைச்சல் கூடுமே?

கொஞ்சம் கூடும், உண்மைதான். செயற்கைக்கோள் படங்களிலும் உலகின் பசுமை கூடியிருக்கிறது. ஆனால் வாயுவைக் கூட்டி வளர்த்த நெல்லிலும் கோதுமையிலும் துத்தநாகம், இரும்பு, புரதம் குறைந்திருக்கின்றன. தண்ணீர் இல்லாத வயலில் கரியமில வாயுவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது வேறு கேள்வி.

ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோதான் இருக்கும். அது எப்படி 2.3 கிலோ கரியமில வாயு விடும்?

பெட்ரோலிலிருந்து வருவது கார்பன் மட்டும், ஆக்சிஜன் காற்றிலிருந்து சேர்கிறது. 12 கிராம் கார்பன் 32 கிராம் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு 44 கிராம் வாயு ஆகும். முக்கால் கிலோ பெட்ரோலில் கார்பன் 630 கிராம் அளவு இருக்கும், அதை 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்துப் பாருங்கள். வீட்டுக்கு வரும் 14.2 கிலோ கேஸ் சிலிண்டரும் இப்படித்தான். எரிந்து தீரும்போது ஏறக்குறைய 42 கிலோ வாயுவை விட்டிருக்கும்.

மூச்சு விடுவதைக்கூட நிறுத்தச் சொல்வீர்களா?

வேண்டாம், விடுங்கள். நீங்கள் விடும் கார்பன் நேற்றுத் தின்ற சோற்றில் இருந்தது. சோறு போன போகத்தில் காற்றிலிருந்து எடுத்தது. கணக்கு நேர்.

மாடும் நெல்வயலும் காரணம் என்று விவசாயி தலையில் கட்டுகிறார்களே?

இவை விடுவது மீத்தேன். தேங்கிய தண்ணீருக்கடியில் ஆக்சிஜன் இல்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. மனிதச் செயலால் வரும் மீத்தேனில் நெல்வயலின் பங்கு பத்தில் ஒன்றை ஒட்டி வரும். மீத்தேன் வலுவானது, ஆனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பெரும்பாலும் சிதைந்துவிடும். கரியமில வாயுவின் ஒரு பகுதி ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கிடக்கும். இரண்டையும் ஒரே தராசில் போட்டு விவசாயியையும் அனல்மின் நிலையத்தையும் சமமாக நிறுத்துவது நியாயமில்லை என்பதே என் கருத்து. வயலைக் காயவிட்டு மறுபடி தண்ணீர் கட்டும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில் மீத்தேன் கணிசமாகக் குறையும், தண்ணீரும் மிஞ்சும். மின்மோட்டாருக்கு நேரத்துக்குக் கரண்ட் வந்தால் செய்யலாம்.

இதெல்லாம் இந்தியா வளரக்கூடாது என்று மேலைநாடுகள் செய்யும் சதி.

இந்தச் சந்தேகத்தை நான் கேலி செய்ய மாட்டேன். 1991-லேயே டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் எந்த நாடு எவ்வளவு வாயு விடுகிறது என்ற ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கணக்கை எடுத்துப் பிரித்துப் போட்டார்கள். ஏழை நெல் விளைப்பதும் பணக்காரன் கார் ஓட்டுவதும் ஒன்றா என்று கேட்டார்கள். சரியான கேள்வி.

இன்று ஆண்டு வெளியீட்டில் இந்தியாவின் பங்கு சுமார் 8 சதவீதம், சீனா 30-க்கு மேல், அமெரிக்கா 13 அளவு. தலைக்கு என்று வகுத்தால் இந்தியருக்கு 2 டன், அமெரிக்கருக்கு 14 டன். 1850 முதல் 2019 வரை மனிதர்கள் விட்ட கரியமில வாயு சுமார் 2,39,000 கோடி டன் என்கிறது ஐபிசிசி. எரிபொருள் எரித்து வந்த பங்கில் ஏறக்குறைய கால்வாசி அமெரிக்கா என்ற ஒரே நாட்டினுடையது, இந்தியாவினுடையது மூன்று சதவீதத்தை ஒட்டி.

ஆனால் யோசித்துப் பாருங்கள். வாயு நூற்றாண்டுக் கணக்கில் காற்றிலேயே கிடந்து சூடாக்குகிறது என்பது உண்மையாக இருந்தால்தான் 1900-ல் நிலக்கரி எரித்தவனிடம் இன்று இழப்பீடு கேட்க முடியும். அறிவியலே சதி என்று சொல்லிவிட்டால் நம் நியாயமும் சேர்ந்து போய்விடும். பணக்கார நாடுகளுக்கு அதைவிட வசதி வேறில்லை. "உங்கள் இயற்பியல் சரி, அதனால்தான் உங்கள் கடன் பெரிது" என்று சொல்வதே வலுவான வாதம்.

இன்றைக்கே எல்லாவற்றையும் நிறுத்தினால் குளிர்ந்துவிடுமா?

குளிராது. ஏறுவது நிற்கும். ஒரு லட்சம் கோடி டன்னுக்குச் சுமார் 0.45 டிகிரி என்ற கணக்கு இருக்கிறது. மேலே சொன்ன 2,39,000 கோடியோடு பெருக்கினால் ஒரு டிகிரிக்குச் சற்று மேல் வரும். தொழிற்புரட்சிக்கு முன் இருந்ததைவிட ஏறியிருப்பதும் அவ்வளவுதான். 2024-ம் ஆண்டு மட்டும், பசிபிக் கடல் அவ்வப்போது சூடேறும் எல் நினோவும் சேர்ந்துகொண்டதில், ஒன்றரை டிகிரியைத் தாண்டியது.

2015 சென்னை வெள்ளம் காலநிலை மாற்றத்தால்தானே?

மேடைகளில் அப்படித்தான் சொல்கிறோம். டிசம்பர் 1-ஐ ஒட்டிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த மழையை எடுத்து ஆராய்ந்த பன்னாட்டுக் குழு 2016-ல் சொன்னது: மனிதன் ஏற்றிய வெப்பத்தின் தடத்தை இதில் பிரித்துக் காண முடியவில்லை. வங்கக்கடலின் மேற்குப் பகுதி அதற்கு முந்தைய சில பத்தாண்டுகளில் அதிகம் சூடேறவில்லை, காற்றிலுள்ள புகைத்துகள்கள் வெயிலை மறைத்தது காரணமாக இருக்கலாம் என்றார்கள். பொதுவாக வெப்பக்காற்று கூடுதல் ஈரத்தைச் சுமக்கும் என்பதும், குறிப்பிட்ட ஒரு மழைக்கு அதுவே காரணம் என்பதும் வேறுவேறு. சதுப்பிலும் ஆற்றங்கரையிலும் கட்டியவர்களுக்கு "காலநிலை மாற்றம்" என்ற சொல் நல்ல ஒளிவிடம். அதை நாமே கொடுக்க வேண்டாம்.

இந்தியா உலகச் சராசரியைவிடக் குறைவாகத்தான் சூடேறியிருக்கிறதாம். பிறகு நமக்கென்ன?

1901 முதல் 2018 வரை இந்தியாவில் ஏறியது சுமார் 0.7 டிகிரி, உலகச் சராசரியைவிடக் குறைவு. காரணங்களில் முக்கியமானது, மேலே சொன்ன அதே புகை. அனல்மின் நிலையம், டீசல், விறகடுப்பு, வைக்கோல் எரிப்பு எல்லாம் சேர்ந்து காற்றில் மிதக்கும் துகள்கள். 1999-ல் இந்தியப் பெருங்கடலின் மேல் பழுப்புப் புகைமூட்டம் பரவிக் கிடப்பதை விமானம் பறக்கவிட்டு அளந்த குழுவின் தலைவர்களில் ஒருவர் வீரபத்ரன் ராமநாதன். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். குளிர்சாதனப் பெட்டியில் இருந்த குளோரோஃபுளோரோகார்பன்களும் பூமியைச் சூடாக்கும் என்று 1975-ல் கண்டு சொன்னவரும், மனிதனால் ஏறும் வெப்பம் 2000-க்குள் அளவீடுகளில் தெரியவரும் என்று 1980-ல் ரோலண்ட் மேடனோடு சேர்ந்து எழுதியவரும் அவரே.

இந்தத் துகள்கள் உலக அளவில் 0.4 டிகிரி போல வெப்பத்தை மறைத்துவைத்திருக்கின்றன. ஆனால் அவை ஒன்றிரண்டு வாரங்களில் மழையோடு இறங்கிவிடும். கரியமில வாயு இறங்காது. நுரையீரலுக்காகப் புகையைக் குறைத்தே ஆக வேண்டும், குறைத்தால் மறைந்திருந்த வெப்பம் வெளியே வரும். 2020-ல் உலகக் கப்பல்களின் எரிபொருளில் கந்தகத்தின் உச்சவரம்பை 3.5 சதவீதத்திலிருந்து 0.5-ஆகக் குறைத்தார்கள். கடல்மேல் மேகங்கள் வெயிலைத் திருப்பி அனுப்புவது குறைந்தது. 2023, 2024-ன் திடீர் வெப்பத்தில் அதற்குப் பெரிய பங்கு என்கிறார் அமெரிக்கக் காலநிலை விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன். சிறு பங்குதான் என்கிறார்கள் வேறு பலர். அந்த விவாதம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.